மூன்று இருபத்தெட்டு

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் திட்டிக்கொண்டே தேடிப் போகிற ஆள் ஒருவர் இருந்தார். கணக்குப் போடுகிற அக்கா. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதை அவர் படிக்க நேர்ந்தால், எந்தெந்த இடத்தில் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுவார்.

நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலையில் இருந்தேன். ஐந்தாவது வரை படித்திருந்தேன். குடுவைகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, இடம் மாறாமல் வைப்பேன் என்றுதான் எடுத்தார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போவேன். பேச மாட்டேன். யாராவது பெயர் கேட்டால்கூட கையில் இருக்கிற குடுவையைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவேன்.

அக்கா தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். இன்டர்மீடியட் படித்தவர். விவேக் நகரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஒருநாள் வாட்ச்மேன் தாத்தா சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"மிஸ்ஸுக்கு ஒரு முப்பத்தஞ்சு இருக்குமா?"

"முப்பத்துமூணு, நாலு மாசம். எதுக்கு ஒரு வருஷம் எட்டு மாசத்த சும்மாவே சேத்துக் குடுக்கறீங்க?"

தாத்தா அதற்கப்புறம் அவரிடம் மணிகூடக் கேட்டதில்லை.

அக்காவின் வேலை அங்கிருந்த ஒரு மிஷினோடு. ஒரு பெரிய காந்தம், வளைந்த ஒரு குழாய், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு இரவும் பகலும் இரைகிற பம்பு. எந்தப் பொருளானாலும் ஆவியாக்கித் துளி உள்ளே விடுவார்கள். அங்கே சூடான கம்பியின் மின்சாரம் அதை அடிக்கும். அடிபட்டது குழாய்க்குள் ஓடும்போது காந்தம் இழுக்கும். லேசானது அதிகமாக வளையும், கனமானது கொஞ்சமாக வளையும். எது எங்கே போய் விழுகிறது என்பதை ஒரு முள் காகிதத்தில் மலை மலையாக வரைந்துகொண்டே போகும். ஒவ்வொரு மலைக்கும் அடியில் ஒரு எண். அந்த எண்தான் அந்தப் பொருளின் மிகச் சின்னத் துணுக்கினுடைய எடை. எண்ணை எழுதுகிறவர் அக்கா. கையால் சுற்றுகிற கணக்கு மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, கடகடவென்று சுற்றிச் சுற்றி எழுதுவார். இவ்வளவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. தரையைத் துடைக்கும்போது அவராகச் சொல்லுவார், பேசாத ஆளிடம் பேசுவது சுகம் என்று.

ஒரு வருடம் உலகத்தில் உள்ள எல்லா எடையையும் மாற்றினார்கள். அதுவரை ஆக்சிஜனைப் பதினாறு என்று வைத்து மற்றதையெல்லாம் அளந்தார்களாம். அதிலும் ரசாயனக்காரர்களுக்கு ஒரு பதினாறு, பௌதிகக்காரர்களுக்கு வேறு பதினாறு. இரண்டு பேரும் சண்டை போட்டு ஓய்ந்து, கரியைப் பன்னிரண்டு என்று வைத்து அளப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். அக்கா தன் அட்டவணைகளை எல்லாம் மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தினார். பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினார். எதையும் அழிக்கவில்லை.

"அப்ப நேத்து நான் தூக்கின சிலிண்டர் இன்னைக்கு கனம் மாறிடுச்சா மிஸ்?" என்று பியூன் கிண்டலாகக் கேட்டார்.

"சிலிண்டர் மாறல. படிக்கல்லு மாறிடுச்சு."

"அப்ப எதுதான் முழு எடை?"

"கரி ஒண்ணுதான். பன்னெண்டு. அதுவும் தானா முழுசா இல்ல, நாம வெச்சதால முழுசு. மத்தது எல்லாம் முன்னப்பின்னதான் இருக்கும்."

பியூன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், பைத்தியம் என்பது போல. நான் குனிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா முழு எண்ணையே எழுத மாட்டார் என்று எல்லோரும் சொல்லுவார்கள். அது சரியில்லை. புதிதாக வந்த ஒரு சின்ன சார் மெழுகு ஒன்றை மிஷினில் போட்டுப் பார்த்தார். அதில் கரி நாற்பது, ஹைட்ரஜன் எண்பத்திரண்டு. ஹைட்ரஜன் ஒன்றின் எடை ஒன்று என்போம். சரியாகப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் ஆயிரத்தில் எட்டுப் பங்கு கூட. சின்ன சார் அந்தச் சில்லறையை எல்லாம் கூட்டினார். எண்பத்திரண்டு சில்லறை சேர்ந்ததும் அரைக்கு மேலே போய்விட்டது. அதை ஒன்றாக்கி, மெழுகின் எடை ஐந்நூற்று அறுபத்துமூன்று என்று எழுதி, அந்த எண்ணில் நின்ற மலையைத் தன்னுடையது என்று குறித்துக்கொண்டார்.

"சார், உங்க ஆளு அறுபத்திரண்டுல நிக்கறாரு. நீங்க பக்கத்து வீட்டுக் கதவத் தட்டறீங்க" என்றார் அக்கா.

"நான் டெசிமல் போட்டு கரெக்டா கூட்டியிருக்கேன் மிஸ். உங்கள மாதிரிதானே செஞ்சேன்?"

"மலைய ஒண்ணு ஒண்ணா எண்ணிட்டு வந்தா, ஒவ்வொண்ணையும் மொதல்லயே முழுசாக்கி அப்புறம் கூட்டணும். நாப்பது கரி, நானூத்தி எண்பது. எண்பத்திரண்டு ஹைட்ரஜன், எண்பத்திரண்டு. அவ்வளவுதான். நீங்க கூட்டினதுக்கப்புறம் முழுசாக்கினீங்க. முழுசாக்கறது தப்பில்ல சார். எங்க முழுசாக்கினோம்னு எழுதாம விடறதுதான் தப்பு."

சின்ன சாரின் முகம் சிவந்து போயிற்று. ஆனால் அறிக்கை அனுப்புவதற்கு முன்னால் திருத்தினார்.

இந்த அக்காவிடம்தான் நான் ஒருநாள் என் வீட்டுக்காரருக்காகப் போய் நின்றேன்.

அவர் மார்க்கெட் பக்கம் ஒரு வாழைக்காய் மண்டியில் வேலை செய்தார். காயைப் பழுக்க வைக்க அங்கே மூட்டம் போடுவார்கள். ஜன்னல் இல்லாத அறையில் தார்களை அடுக்கி, ஒரு சட்டியில் உமியும் வைக்கோலும் போட்டுக் கொளுத்தி, கதவுச் சந்தில் எல்லாம் மண் பூசி அடைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் உடைத்துத் திறப்பார்கள். அன்று காலையில் உடைத்தது அவர். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது தார்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தார்.

நான் போனபோது வெளியே கோணிமேல் போட்டிருந்தார்கள். முகம் செத்த முகமாக இல்லை. வெயிலில் ஓடிவந்தவன் முகம் போலச் சிவப்பாக இருந்தது. உதடும் சிவப்பு. மண்டி முதலாளி, சாவ்கார், சுற்றி நின்றவர்களிடம் காட்டினார்.

"மூஞ்சியப் பாருங்க. காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்திருக்கான். போதையில உள்ள போய்ப் படுத்துட்டான். நான் என்ன பண்றது?"

போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் மூச்சு நின்றது என்று எழுதினார்கள். எதனால் என்று எழுதவில்லை. புதைத்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் பௌத்த சங்கத்தில் பஞ்சசீலம் எடுத்தவர். கொல்லக் கூடாது, திருடக் கூடாது, பொய் கூடாது, தவறான உறவு கூடாது, குடிக்கக் கூடாது. முன்பு குடித்துக்கொண்டிருந்த மனிதர்தான். சீலம் எடுத்த நாளிலிருந்து தெருவில் நடக்கிற நடையே மாறிப் போயிருந்தது. எங்கள் சங்கத்தில் பௌர்ணமிதோறும், சீலத்தோடு செத்தவர்களின் பெயரைப் படிப்பார்கள். அந்த மாதப் பௌர்ணமியில் அவர் பெயரைப் படிக்கவில்லை. தலைவர் ஐயா, ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், என் மாமியாரிடம் சொன்னார்: "போதையில செத்தான்னு போலீஸ் எழுதியிருக்கு தாயி. நான் எப்படிப் படிக்கறது?" மாமியார் தெருவில் வைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மண்டியில் அதே அறையில் மறு வாரமும் மூட்டம் போட்டார்கள். என் கொழுந்தனாருக்கும் அங்கேதான் வேலை. அண்ணன் உடைத்த கதவை இப்போது தம்பி உடைத்தார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும், போகப் போக எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அக்கா மட்டும், "சரியாகாது. கொஞ்சம் கொறையும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். முகம் சிவந்திருந்தது என்றதும் அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"புகையில ஒரு காத்து உண்டு. சரியா எரியாத கரியிலேருந்து வரும். நிறம் கெடையாது, வாசனை கெடையாது. மிஷின்ல விட்டா இருபத்தெட்டுல நிக்கும். ரத்தத்துல ஏறினா ஆளு சிவந்துதான் சாவான். எங்க ஊரு சுரங்கத்துல தீப்பிடிச்சப்ப அப்படித்தான் தூக்கிட்டு வந்தாங்க."

காற்றை உறிஞ்சி எடுத்த குடுவை ஒன்றைத் திருகுமூடியோடு கொழுந்தனார் கையில் கொடுத்தனுப்பினார் அக்கா. அடுத்த மூட்டத்தில் கொழுந்தனார் கதவில் ஓட்டை போட்டுக் கையை மட்டும் உள்ளே நீட்டித் திருகைத் திறந்து மூடிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை மத்தியானம், ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற பெரிய சாரிடம் அனுமதி வாங்கி மிஷினில் விட்டார்கள். முள் வரைந்தது. பெரிய மலை ஒன்று எழும்பியது. அக்கா அடியில் எழுதினார்: இருபத்தெட்டு.

"அதுதானேக்கா?" என்றேன். "அந்தக் காத்துக்கு இருபத்தெட்டுன்னுதானே சொன்னீங்க?"

அக்கா தாளின் ஓரத்தில் மூன்று எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். 27.995. 28.006. 28.031.

"மேல இருக்கறது கொல்ற காத்து. நடுவுல இருக்கறது நாம மூச்சு விடற காத்துல பாதிக்கு மேல இருக்கற சாது. கீழ இருக்கறது காயப் பழுக்க வெக்கற காத்து. முழுசாக்கினா மூணும் இருபத்தெட்டு. அந்த ரூமுல மூணு பேருமே இருக்காங்க. இந்த மலைக்குள்ள யாரு எவ்வளவு நிக்கறாங்கன்னு பிரிச்சுச் சொல்ல நம்ம மிஷினுக்குக் கண்ணு பத்தாது."

"வேற வழியே இல்லியா?"

"அடிபட்டு ஒடஞ்சு வர்ற கரி பன்னெண்டுல நிக்கும், அந்தச் சின்ன மலையப் பாக்கலாம். ஆனா புகையில இருக்கற மத்ததும் அங்க வந்து நிக்குது. சொல்ல முடியாது மா."

பெரிய சார் நல்ல மனிதர். என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "மிஸ், இந்தப் பொண்ணு சொல்றது உண்மைன்னு நமக்கே தெரியுது. விஷக்காத்துன்னு ஒரு வரி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். போலீஸ்ல எவனுக்கு டெசிமல் தெரியும்?"

"எனக்குத் தெரியுது சார்."

நான் அக்காவின் காலைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அப்பா அம்மாவைத் தவிர வேறு யார் காலையும் பிடித்ததில்லை. "எழுதிடுங்கக்கா. ஒரே ஒரு வரி. அவரு பேரப் படிச்சிடுவாங்க. அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் வெச்சிடுவாங்க."

அக்கா என்னைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் எழுதியது இதுதான்: 'இருபத்தெட்டு. எந்த வாயு என்று இந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல இயலாது.' அந்தத் தாளை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நின்றேன். ரைட்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனம்மா, தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய மிஷினு?"

இரண்டு நாள் அக்கா பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே கழுவுகிற இடத்துக்கு வந்தார்.

"பிரிச்சுச் சொல்ற எடம் இன்னொண்ணு இருக்கு. ரத்தமும் சதையும். அந்தக் காத்து ஏறினா சதை லேசுல நிறம் மாறாது. மண்ணுக்குள்ள இருந்தாலும் கொஞ்ச நாள் நிக்கும். இப்ப பதினேழு நாள் ஆகுது. சீக்கிரம் சொல்லு."

என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையில் இருந்த குடுவையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். உடைந்தது.

வீட்டில் மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். "பொதைச்ச புள்ளயத் தோண்டி எடுக்கச் சொல்ற பொம்பளை பொம்பளையா?" என்று அக்காவுக்கும் சேர்த்துச் சாபம் விட்டார். கொழுந்தனார் மட்டும், "அண்ணி, நாளைக்கும் நான்தான் அந்தக் கதவ ஒடைக்கணும்" என்றார். மனுவை அக்கா எழுதினார். மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு சம்மதமா அம்மா?" என்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "தோண்டுங்க" என்றேன்.

தோண்டினார்கள். பனி விழுகிற காலை. அடையாளம் சொல்ல நான் குழியருகே நிற்க வேண்டும் என்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். கண்ணை மூடிக்கொள் என்று சொல்லவில்லை. முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். சர்க்கார் டாக்டர் தொடையில் கத்தி வைத்தார். மேலே எல்லாம் கெட்டுப் போயிருந்தது. உள்ளே, எலும்புக்குப் பக்கத்தில், சதை சிவப்பாக இருந்தது. கடையில் அப்போதுதான் வெட்டிய சதை போல. டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்துப் புட்டியில் போட்டுக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம், "குறிச்சுக்கோ" என்றார்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. கரிப்புகை வாயுவால் மரணம். சாவ்காருக்கு எச்சரிக்கை போயிற்று. அறையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஜன்னல் உடைத்தார்கள். கதவைத் திறந்து அரை மணி கழித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று கன்னடத்தில் பலகை எழுதி வைத்தார்கள்.

அறிக்கை கைக்கு வந்த அன்று அக்காவிடம் கேட்டேன். "அன்னைக்கே அந்த ஒரு வரிய எழுதியிருந்தா, நான் அந்தக் குழியப் பாத்திருக்க வேணாமே அக்கா?"

"ஆமா" என்றார். மன்னித்துவிடு என்றும் இல்லை, நல்லதற்குத்தான் என்றும் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் அக்காவையும் சங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். தகர ஷெட்டில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் எழுந்து, "எங்கண்ணன் குடிகாரன் இல்லன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துடுச்சு" என்றார். கைதட்டினார்கள். தலைவர் ஐயா அறிக்கையை இரண்டு முறை படித்தார். அது இங்கிலீஷில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அம்மணி, படிச்சவங்க நீங்க. இதுல அவன் குடிக்கலன்னு எழுதியிருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"அக்கா, ஆமான்னு சொன்னா என்னக்கா கொறஞ்சு போயிடும்?" என்று கொழுந்தனார் பல்லைக் கடித்தார்.

"காத்தால செத்தாருன்னு மட்டும்தான் இதுல இருக்கு. குடிச்சாரா இல்லையான்னு டாக்டர் பாக்கல." அக்கா என் பக்கம் திரும்பினார். "அதப் பாத்த ஆளு ஒருத்தருதான். அன்னைக்குக் காலையில அவரு கெளம்பறப்ப நீதானே பக்கத்துல இருந்த? வாயில வாசனை இருந்துச்சா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் பார்த்துக்கொள்ளக் குடுவை எதுவும் இல்லை.

அன்று காலை நான் கூழ்ச் சொம்பை நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினார். வாசனை இருந்தது. அதிகம் இல்லை. முந்தின நாள் மழையில் லாரி இறக்கிவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து படுத்தவர். யார் கொடுத்தார்கள், எவ்வளவு குடித்தார் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"இல்லக்கா" என்றேன்.

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

அக்கா நம்பினார். நான் சொன்னதால் நம்பினார். பையிலிருந்து பேனாவை எடுத்து, அறிக்கையின் அடியில் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'அன்று காலை மது வாசனை சிறிதும் இல்லை. நேரில் கண்டவர், மனைவி.' கைக்கடிகாரத்தைப் பார்த்து நாளும் மணியும் நிமிடமும் போட்டார். தலைவர் ஐயா அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சாது, சாது, சாது என்றார்கள். மாமியார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அக்கா எழுதிய தாள்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றில் பொய்யாக இருந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வரிதான். அதன் கீழே விரலை வைத்துக் காட்டி, "இங்க போடு" என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். போட்டேன்.